தகவல்: ஜெயமலர் சோதிலிங்கம்

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்றரை மணி இருக்கும். காலைவேலை முடிந்து வந்த சோதிலிங்கம் முதல்நாள் மீன்குழம்பை அடுப்பில் வைத்துச் சூடாக்கிக்கொண்டிருந்தார். குசினி யன்னலுக்கு வெளியே நவம்பர் மழை. றேடியோவில் மரண அறிவித்தல். கெல்சென்கிர்ச்சன் தமிழ் வீடுகளில் குழம்பு கொதிக்கிற நேரம் மரண அறிவித்தல் கேட்பது, தாளிதத்துக்குக் கடுகு போடுவதுபோல ஒரு பழக்கம். யார் செத்தது என்பதைவிட, செத்தவருக்கு யார் யார் என்ன முறை என்று அறிவதில்தான் சனத்துக்கு ருசி.

"கரவெட்டியைப் பிறப்பிடமாகவும், ஜெர்மனி பொட்றொப்பை வசிப்பிடமாகவும் கொண்ட கலைஞர் அருட்பிரகாசம் அவர்கள் கடந்த ஞாயிற்றுக்கிழமை காலமானார்..."

சோதிலிங்கத்தின் கையில் அகப்பை அப்படியே நின்றது. வேறு அறிவித்தல்களில் மருமக்கள், பெறாமக்கள், சம்பந்திகள் என்று ஒரு ஊரே வரும். இதில் ஒருவரும் வரவில்லை. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தகனம் என்றாள் றேடியோப் பெண்பிள்ளை. பிறகு அதே குரலில், "மேலதிக தகவல்களுக்கு, ஜெர்மனி, ஜெயமலர் சோதிலிங்கம்," என்றாள். தொலைபேசி இலக்கம் பூச்சியம் இரண்டு பூச்சியம் ஒன்பதில் தொடங்கியது. மிச்ச இலக்கங்களைச் சோதிலிங்கம் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. அது அவருடைய வீட்டு இலக்கம்.

குழம்பு அடிப்பிடித்தது. அவருக்கு அது மணக்கவில்லை.

இந்த அருள் மாஸ்ரர் யார் என்று தொண்ணூறுகளில் ஜெர்மனியில் இருந்த எந்தத் தமிழனையும் கேட்கத் தேவையில்லை. டோர்ட்முண்டில் பாடினால் பிராங்ஃபேர்ட்டிலிருந்து சனம் வரும். அவர் பாடிய எழுச்சிப் பாட்டுக் கேட்டு மண்டபத்தில் ஆம்பிளைகள் விம்மி அழுததைச் சோதிலிங்கம் தன் கண்ணால் கண்டவர். கண்டவர் என்ன, மேடையில் மாஸ்ரருக்குப் பக்கத்தில் நின்று ஒன்பது வருசம் பின்பாட்டுப் பாடியவரே அவர்தான். மாஸ்ரரைக் காரில் ஏற்றி இறக்கியது, சுடுதண்ணிப் போத்தலில் சுக்குக்கோப்பி கொண்டுபோனது, ஆர்மோனியப் பெட்டியைத் தலைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தது, எல்லாம் சோதிலிங்கம். ஊரில் அவரைக் குட்டி அருட்பிரகாசம் என்பார்கள். வெளியில் கூச்சப்படுவதுபோல நடித்தாலும், அந்தப் பேரைக் கேட்டால் அவருக்கு அன்றைக்கு ஒரு கோப்பை சோறு கூட இறங்கும்.

பிறகு, போன வருசம் சித்திரையில், அதே மாஸ்ரர் இதே றேடியோவில் ஒரு நேர்காணல் கொடுத்தார். "பிள்ளையளைப் பாட்டுப் பாடி அனுப்பினது நாங்கள். அங்க போனதுகள் வீணாச் செத்ததுகள். நான் இனி அந்தப் பாட்டுகளைப் பாடமாட்டன். ஆரும் போட்டுக் கேக்கவும் வேண்டாம்," என்றார். வீணாக என்ற அந்த ஒரு சொல் போதும். கடைகளில் அவருடைய கசெற்றுகள் கழிக்கப்பட்டன. கோயில் திருவிழாவில் அவர் பேர் போட்ட நோட்டீசைக் கிழித்தார்கள். அந்த நிகழ்ச்சிக்கு நேயர்கள் தொலைபேசியில் வரலாம் என்றபோது, முதல் ஆளாக எடுத்தது சோதிலிங்கம். பெண்சாதி ஜெயமலரின் தம்பி தயாபரன் இயக்கத்துக்குப் போய்த் தொண்ணூற்றேழில் வன்னியில் செத்தவன். அவனுடைய நினைவுக்கூட்டத்தில் பாடியதும் இதே மாஸ்ரர். "இண்டையிலயிருந்து அருட்பிரகாசம் எங்களுக்குச் செத்த ஆள்," என்று உலகத்துக்கே கேட்கச் சொல்லிவிட்டு வைத்தார்.

அப்படி அவர் பதினெட்டு மாதத்துக்கு முன்பே மரண அறிவித்தல் கொடுத்த ஆளுக்கு, இப்போது அவருடைய பெண்சாதி இன்னொரு மரண அறிவித்தல் கொடுத்திருக்கிறாள்.

தொலைபேசி அடித்தது. எடுத்தார்.

"வணக்கம், ஜெயமலர் அக்கான்ர வீடோ? நான் சுவிஸிலயிருந்து கதைக்கிறன். மாஸ்ரற்ற செய்தி கேட்டன். நீங்கள் அவருக்கு என்ன முறை?"

"ஒரு முறையுமில்லை," என்று வைத்துவிட்டார்.

ஜெயமலர் ஐந்து மணிக்கு வந்தாள். குடையைக் குளியலறையில் விரித்து வைத்தாள். முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"றேடியோவில போச்சுதோ?"

"போச்சுது. எங்கட நம்பரும் போச்சுது."

"ஓம். குடுக்க வேற நம்பர் இல்லை. ஆஸ்பத்திரியில கேட்டாங்கள், பிரேதம் எடுக்கிற பெஸ்ராட்டர் கேட்டான், றேடியோக்காரரும் கேட்டினம். எல்லாருக்கும் இந்த நம்பரைத்தான் குடுத்தனான்."

"நீ ஆர் அவருக்கு?"

"ஒரு ஆள் செத்தா ஆரோ ஒராள் தகவல் சொல்லத்தானே வேணும்."

"அவர் செத்தது உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நான்தான் கண்டனான். சனிக்கிழமை போன் எடுக்கேல்லை. ஞாயிற்றுக்கிழமை போய்த் திறந்து பாத்தன். அம்புலன்சுக்கு அடிச்சதும் நான்தான்."

"ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போறன் எண்டெல்லோ போனனீ?" சோதிலிங்கம் எழுந்துவிட்டார். "பொறு, பொறு. திறந்தனியோ? உன்னட்ட அவற்ற வீட்டுத் திறப்பு இருக்குதோ?"

ஜெயமலர் கைப்பையைத் திறந்தாள். அவர்களுடைய வீட்டுத் திறப்புக்கோர்வையிலேயே, தபால்பெட்டித் திறப்புக்கும் நிலவறைத் திறப்புக்கும் நடுவில், அது தொங்கியது. பதினெட்டு மாதமாக அந்தக் கோர்வை கதவுக்குப் பக்கத்து ஆணியில், அவருடைய மூக்குக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். பொட்றொப்பில் அவள் துடைக்கிற பல்வைத்தியரின் இடத்தில் வியாழக்கிழமை வேலை ஆறு மணிக்கு முடிவதில்லை. நாலு மணிக்கே முடியும். அங்கிருந்து இரண்டு தெருத் தள்ளி, பூட்டிக்கிடந்த சப்பாத்துக்கடை ஒன்றின் மேலே மாஸ்ரரின் அறை. மகள் ஆதிரைக்கும் தெரியுமாம். மாஸ்ரரின் வாடகை உதவிக்கு அன்ராக் படிவம் நிரப்பிக் கொடுத்தது அவள்தானாம்.

"அவளுக்கும் தெரியுமோ? அப்ப இந்த வீட்டில எனக்கும் பூனைக்கும்தான் தெரியாது."

"எங்களிட்டப் பூனை இல்லையப்பா."

"அப்ப எனக்கு மட்டும்தான்!" என்று கத்தினார் சோதிலிங்கம். பிறகு ஏதோ நினைவு வந்தவராக அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். "வியாழக்கிழமையில மீன்தலை எனக்கு வந்து எவ்வளவு காலம்? விளைமீன் எண்டு வாங்குவாய். எனக்கு வாலும் நடுத்துண்டும் வரும். தலை எங்க எண்டு கேட்டா, வெட்டக்குள்ள அவங்கள் கழிச்சுப்போட்டாங்கள் எண்டுவாய்."

"அவருக்குப் பல்லில்லை. தலையெண்டாச் சூப்புவார்."

"எனக்குப் பல்லிருந்தது பிழையாப் போச்சு என்ன?"

சிரிப்பு வரவேண்டிய இடம். இருவருக்கும் வரவில்லை. கட்டின பெண்சாதி இன்னொரு ஆம்பிளைக்கு ஒளித்துச் சமைத்தாள் என்றால், வேறொரு புருசனுக்கு ஒரே ஒரு விதத்தில்தான் எரியும். சோதிலிங்கத்துக்கு இரண்டு பக்கமும் எரிந்தது. தன் பெண்சாதியை மாஸ்ரர் எடுத்துக்கொண்டது ஒரு பக்கம். தன் மாஸ்ரரைப் பெண்சாதி எடுத்துக்கொண்டது மற்றப் பக்கம். எது கூட எரிகிறது என்று கேட்டிருந்தால், மனுசன் பதில் சொல்ல வெட்கப்பட்டிருப்பார்.

"உன்ர தம்பியை வீணாச் செத்தவன் எண்டு சொன்ன ஆளுக்குத்தானே மீன்தலை குடுத்தனீ?" என்றார், கடைசி ஆயுதத்தை எடுத்து.

ஜெயமலர் கதிரையில் இருந்தாள். வேலைச் சப்பாத்தைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"என்ர தம்பி எண்டு உங்களுக்கு இப்பவாவது நினைவு வந்துதே. அவர் அப்பிடிச் சொன்ன கிழமை, வேலை முடிய நேரை அங்க போனனான். அடிக்கிறதெண்டுதான் போனனான். 'என்ர தம்பி வீணாவோ செத்தவன், என்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ' எண்டு கேட்டன். மனுசன் கதிரையைக் காட்டினார். இருக்கமாட்டன் எண்டன். 'தம்பிக்கு என்ன பேர்' எண்டார். தயாபரன் எண்டன். 'தயாபரன் என்ன மாதிரிப் பிள்ளை' எண்டு கேட்டார்."

"பேந்து?"

"பேந்தென்ன. இருந்திட்டன். பத்து வருசமா ஆரும் என்னட்ட அதைக் கேக்கேல்லையப்பா. வீட்டுக்கு வந்த ஆக்கள் எல்லாம் எந்தச் சண்டை, எந்த இடம், என்ன தரம் எண்டு கேட்டினம். என்ன மாதிரிப் பிள்ளை எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நீங்களும் கேக்கேல்லை."

"நான் அவனுக்கு வருசா வருசம் விளக்குக் கொளுத்துறன்!"

"கொளுத்துறியள். இல்லையெண்டு சொல்லேல்லை. செய்தி வந்த அண்டைக்கு நான் குழறக்குள்ள, 'அழாதை, வீரச்சாவுக்கு அழக்கூடாது, சனம் வருகுது' எண்டு சொன்னதும் நீங்கள்தானே. வாயை மூடினன். பேந்து திறக்க ஒரு இடமில்லாமப் போச்சு. அங்கதான் திறந்தனான்."

"அவர் சொன்னது சரியெண்டோ நீ சொல்லுறாய்?"

"ஆர் சொன்னது சரியெண்டு? ஒவ்வொரு வியாழனும் சண்டைதான். அவன் வீணாச் சாகேல்லை எண்டு நான் சொல்லுவன். அவர் தன்ர கதையை விடார். நான் என்ர கதையை விடன். சண்டை பிடிச்சுப்போட்டுப் புட்டைக் குழைச்சுச் சாப்பிடுவார். 'அடுத்த கிழமையும் வா பிள்ளை, மிச்சத்தைச் சொல்லு' எண்டுவார்."

மழை யன்னலில் அடித்தது. சோதிலிங்கம் அடிப்பிடித்த சட்டியைத் தண்ணீரில் ஊறவைத்தார். கன நேரம் சுரண்டினார். அவருக்குள்ளே ஒரே ஒரு கேள்வி கிடந்து துள்ளியது. கேட்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர், முதுகைக் காட்டியபடியே கேட்டுவிட்டார்.

"என்னைப் பற்றி ஏதும் கேட்டவரோ?"

"இல்லை."

"ஒருநாளும்?"

"ஒருநாளும் இல்லை. உங்கட பேரை எடுத்தா நான் திரும்பி வரமாட்டன் எண்டு முதல்நாளே சொல்லிப்போட்டன்."

சோதிலிங்கம் திரும்பினார். "ஏன் அப்பிடிச் சொன்னனீ?"

"மண்டபம் மண்டபமா நீங்கள் ரெண்டுபேரும் போவியள். நான் கைப்பிள்ளையோட வீட்டில இருப்பன். ஒத்திகையெண்டு இஞ்ச வந்தா, தேத்தண்ணி குடுத்திட்டு நான் அறைக்குள்ள போகவேணும். அப்ப எனக்கு எரியேல்லையோ? இதாவது எனக்கெண்டு இருக்கட்டும் எண்டுதான்."

ஜெயமலர் சப்பாத்தைக் கழற்றினாள்.

"வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு. அரை மணித்தியால நேரம்தான் ரெர்மின் தந்தாங்கள். ஐயரைக் கேட்டன், அண்டைக்கு வேற அலுவலாம். சுண்ணப்பாட்டுக்கு ஆள் இல்லை."

"நான் பாடன்."

"உங்களைப் பாடச் சொல்லிக் கேக்கேல்லை. ஆள் இல்லை எண்டு சொன்னனான்."

சைவக்காரரின் செத்தவீட்டில், பிரேதம் எடுக்க முன்னர், உரலில் மஞ்சளும் அறுகம்புல்லும் போட்டுச் சுண்ணம் இடிப்பார்கள். இடிக்கிறபோது அதற்குரிய பாட்டைப் பாடவேண்டும். பாட்டில்லாமல் இடித்தால் அது சுண்ணம் இல்லை, வெறும் மஞ்சள்தூள். இந்த ரூர்ப் பிரதேசத்தில் எந்தச் செத்தவீடு என்றாலும் சுண்ணப்பாட்டுக்கு முதலில் சோதிலிங்கத்துக்குத்தான் போன் அடிப்பார்கள். ஊரில் ஒருவனோடு பத்து வருசம் முகம் பாராதவன்கூட, அவன் செத்தால் போய்ப் பாடுவான் என்பது வழக்கம். அப்படிப் பகையாளிகள் இரண்டு பேருக்குச் சோதிலிங்கமே பாடியிருக்கிறார். அந்தப் பாட்டை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது மாஸ்ரர்தான். டோர்ட்முண்ட் போகிற பெருந்தெருவில், காருக்குள், கார்த் தட்டில் கையால் இடித்து இடித்துச் சொல்லிக்கொடுத்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சலவைத் தொழிற்சாலையில் சோதிலிங்கம் நின்றார். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து, உதறி, இழுத்து, சூட்டு உருளைக்குள் கொடுக்கவேண்டும். மற்ற முனையில் பன்னிரண்டு வருசமாக நிற்பது பாஷையூர் அந்தோனிப்பிள்ளை. அந்தப் பக்கம் நீராவி, இந்தப் பக்கம் நீராவி, நடுவில் வெள்ளைத்துணி. வாயைத் தவிர வேறொன்றும் சும்மா இருக்காது.

"அண்ணை, றேடியோ கேட்டன்," என்றார் அந்தோனிப்பிள்ளை. "அக்கான்ர பேர் போச்சுது."

"உதறு."

"போவியளோ?"

"நான் ஏன் போக? அவர் எங்களுக்குச் செத்து ஒண்டரை வருசம்."

"செத்தவரை இப்பதானே எரிக்கினம். நான் போறன் அண்ணை. லீவு கேட்டிட்டன்."

சோதிலிங்கம் மூலையை விட்டுவிட்டார். விரிப்பு ஒருக்கணித்து உருளைக்குள் போய்ச் சுருண்டது. யந்திரத்தை நிறுத்தி, சூட்டோடு சூடாக அதை இழுத்து எடுக்கவேண்டியிருந்தது.

"நீ ஏன் போறாய்? உனக்கும் அவருக்கும் என்ன?"

"என்ர கலியாணத்தில அவரெல்லோ பாடினவர். நீங்களும்தான் பாடினீங்கள். என்ர மனுசி சரளா இப்பவும் அந்த வீடியோவைப் போட்டுப் போட்டுப் பாப்பாள். அவர் பேந்து கதைச்ச கதை எனக்கும் பிடிக்கேல்லைத்தான். ஆனா அண்ணை, கலியாணத்தைத் திருப்பிக் குடுக்கேலாதே."

அந்தோனிப்பிள்ளையின் கலியாணத்தில் மாஸ்ரர் பாடியது மூன்று பாட்டு, அதில் இரண்டில் முன்வரி தன்னுடையது என்று சொல்லச் சோதிலிங்கத்துக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு அடுத்த விரிப்பை எடுத்தார்.

அந்தக் கிழமை முழுக்கத் தொலைபேசி அடித்தது. ஜெயமலர் இல்லாத நேரம் பார்த்துத்தான் அடித்தது. திட்டுகிற ஆட்கள் இரண்டு மூன்று பேர். அவர்களோடு சோதிலிங்கத்துக்குக் கரைச்சல் இல்லை. அவர்களோடு சேர்ந்து தானும் இரண்டு வார்த்தை திட்டினார். மற்றவர்கள்தான் அவரைக் கொன்றார்கள். குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள். "அண்ணை, நான் வரேலாது, வந்தாச் சனம் கதைக்கும். ஆனா செய்தி கேட்டதிலயிருந்து அவற்ற பாட்டைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறன்," என்றார் பாரிசிலிருந்து ஒருவர். கசெற்றை எறிந்ததாக ஊருக்குச் சொன்ன ஆட்கள் எல்லாம் சப்பாத்துப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். அதோடு, ஒவ்வொருவருக்கும் மாஸ்ரர் தனிச்சொந்தம். "தம்பி, மாஸ்ரர் எங்கட வீட்டுப் புட்டைத்தான் விரும்பிச் சாப்பிடுவார்," என்றாள் லண்டனிலிருந்து அன்ரனிற்றா என்ற ஒருத்தி. "எங்கட வீட்டில ஒரு கிழமை நிண்டவர்," என்றார் இன்னொருவர். "என்னை முன்னால இருத்தித்தான் அந்த எழுச்சிப் பாட்டைக் கட்டினவர்."

பொய். அந்தப் பாட்டைக் கட்டியது இந்த வீட்டுக் குசினியில், இந்த மேசையில். சோதிலிங்கத்துக்கு அதைத் தொலைபேசிக்குள் கத்தவேண்டும்போல இருந்தது. ஆனால் செத்த ஆள் என்று அறிவித்தவனே பிறகு அவர் என் ஆள் என்று எந்த வாயால் கத்துவது? தன் கையால் எறிந்த பொருளை ஊர் முழுக்கப் பொறுக்கி வைத்துக்கொண்டு, எங்களுடையது என்று அவருக்கே காட்டுகிறார்கள். நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

வியாழக்கிழமை ஜெயமலர் வழமைபோலப் புட்டு அவித்தாள். அவித்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சோதிலிங்கம் ஒரு கோப்பையை எடுத்து நீட்டினார். அவள் போட்டாள். பல்லில்லாதவருக்கு அவித்த புட்டு, பால் கூட விட்டுக் குழைவாக இருந்தது. இவ்வளவு ருசியாக அவள் தனக்கு ஒருநாளும் அவித்ததில்லை என்று அவர் நினைத்தார். பிறகு, தான் ஒருநாளும் அவளைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டதில்லை என்றும் நினைத்தார். அந்த இரண்டாவது நினைப்புப் பிடிக்காததால் கோப்பையை அரைவாசியில் வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை அவர் போகமாட்டேன் என்றுதான் இருந்தார். ஜெயமலர் வெள்ளைச்சேலை கட்டி, குசினியில் மிளகு இடிக்கிற சின்ன இரும்புரலையும் உலக்கையையும் துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஆதிரையோடு பஸ்ஸுக்கு நடந்தாள். பாரத்தில் ஒரு பக்கம் சரிந்து நடந்தாள். அதை யன்னலால் பார்த்தார். பத்து நிமிசத்தில் காரை எடுத்தார். யார் யார் வருகிறார்கள் என்று பார்க்கத்தான் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது முழுப்பொய்யும் இல்லை.

மயானத்து மண்டபத்தில் ஐம்பது கதிரை. இருந்தது ஆறு பேர். ஜெயமலர், ஆதிரை, அந்தோனிப்பிள்ளை, சரளா, மாஸ்ரரின் அறைக்குக் கீழ்வீட்டு ஜெர்மன்கார மனுசி ஒருத்தி, கதவடியில் கைகட்டி நின்ற பெஸ்ராட்டர். தொலைபேசியில் குரல் தாழ்த்தியவர்கள் ஒருவரும் இல்லை. சோதிலிங்கம் உள்ளே போகவில்லை. கதவுக்கு வெளியே, ஈரக் குடையோடு, தூணுக்குப் பின்னால் நின்றார்.

பெட்டி திறந்திருந்தது. மாஸ்ரர் சிறுத்துப்போயிருந்தார். நாடி உள்ளே விழுந்து, உதடு சேர்ந்து, பாட்டைத் தொடங்குமுன் சுருதி பார்க்கிற அந்த முகம் மட்டும் மாறவில்லை. ஜெயமலர் தரையில் உரலை வைத்து, மஞ்சளையும் புல்லையும் போட்டாள். உலக்கையைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். மணிக்கூட்டில் பதினொன்று பத்து.

அப்போது அந்தோனிப்பிள்ளை எழும்பினார். மேற்சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு கடதாசியை எடுத்தார். யாரிடமோ கேட்டுப் பிரதி எடுத்து வந்திருந்தார் மனுசன். தொண்டையைக் கனைத்துவிட்டுப் பாடத் தொடங்கினார். தொடங்கியது சைவப் பாட்டு, இராகம் அவருடைய வேதக்கோயில் பெரியவெள்ளி ஒப்பாரி. சொல்லை ஒரு பக்கம் இழுக்க, மெட்டு மற்றப் பக்கம் போனது. உலக்கை எந்த இடத்தில் விழுவதென்று தெரியாமல் ஜெயமலரின் கை தடுமாறியது. ஆனாலும் அந்தோனிப்பிள்ளை விடவில்லை. கண்ணைமூடி, கண்ணீர் வழிய, பிழை பிழையாகப் பாடிக்கொண்டே போனார்.

சோதிலிங்கத்துக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. அன்பில் பாடப் போனார் என்று நான் எழுதினால் அது பொய். மன்னித்துப் போனார் என்றால் அது அதைவிடப் பெரிய பொய். என் மாஸ்ரருக்கு, என் பெண்சாதி இடிக்க, இவனா பாடுவது என்ற அந்த ஒரே எரிச்சல்தான் அவரைத் தூணுக்குப் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டு வந்தது. குடையைக்கூட மடக்கவில்லை. நடையிலே போட்டுவிட்டு உள்ளே வந்தார். அந்தோனிப்பிள்ளையின் தோளில் கைவைத்தார். அந்தோனிப்பிள்ளை, படுக்கைவிரிப்பின் மூலையைக் கைமாற்றுவதுபோல, பாட்டை விட்டு ஒதுங்கினார்.

சோதிலிங்கம் பாடினார்.

முதல் அடியிலேயே உலக்கைக்கு இடம் கிடைத்துவிட்டது. அவர் எங்கே நிறுத்துவாரோ அங்கே அது விழுந்தது. ஒன்றரை வருசமாக அவர் செத்தவீடுகளில்கூட வாயைத் திறக்கவில்லை. கேட்டவர்களுக்குத் தொண்டைநோ என்று சொல்லியிருந்தார். மூன்றாம் அடியில் குரல் ஏறியது. ஏறியபோதுதான் அவருக்கே விளங்கியது, அது தன் குரல் இல்லை. மூச்சு விடுகிற இடம், சொல்லைத் தொட்டுவிட்டு விலகுகிற குழைவு, கடைசி எழுத்தை மூக்குக்குள் முடிக்கிற விதம், எல்லாம் பெட்டிக்குள் கிடப்பவருடையவை. வேறு குரல் அவரிடம் இருந்ததே இல்லை.

ஜெயமலர் அழத் தொடங்கினாள். பத்து வருசத்தில் அவர் ஒருநாளும் காணாத அழுகை. வாய் திறந்து, சேலைத் தலைப்பு நழுவி, ஆனால் உலக்கை நிற்காமல் அழுதாள். "என்ர ஐயோ, இனி ஆருக்குச் சொல்லுவன், ஆருக்குச் சொல்லுவன்," என்றாள். அவள் சோதிலிங்கத்தைப் பார்க்கவில்லை. அந்தக் குரல் வந்த பக்கம் பார்க்காமல், குரலுக்குச் சொந்தக்காரரின் முகத்தைத்தான் பார்த்தாள். சோதிலிங்கம் பாட்டை விடாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கண்ணிலும் தண்ணீர் வந்தது. அது யாருக்காக வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

அரை மணித்தியாலம் முடிய பெஸ்ராட்டர் மெதுவாகத் தலையசைத்தார். கீழ்வீட்டு மனுசி போகிறபோது சோதிலிங்கத்தின் கையைப் பிடித்து, வியாழக்கிழமைகளில் மேலேயிருந்து சண்டைச் சத்தமும் பிறகு சிரிப்பும் கேட்கும், இனிமேல் வீடு அமைதியாகிவிடும் என்றாள். அந்தச் சிரிப்பையும் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

வீட்டுக்கு வந்து எல்லோரும் தலைக்குத் தோய்ந்தார்கள். ஆதிரை அறைக்குள் போய்ப் படுத்துவிட்டாள். ஜெயமலர் சோறும் பருப்பும் மட்டும் வைத்தாள். எட்டாம்நாள் முடியும்வரை மீன், மச்சம் இல்லை என்று அவளாகவே தீர்மானித்திருந்தாள். சோதிலிங்கம் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. சுவரில் தயாபரனின் படம், காய்ந்த மாலையோடு. வருசா வருசம் விளக்குக் கொளுத்தியும், அந்த முகத்தை இன்றைக்குத்தான் உற்றுப் பார்ப்பதுபோல அவருக்கு இருந்தது. மேல்மீசை சரியாக முளைக்காத முகம்.

"மலர்."

"ம்."

"தயாபரன் என்ன மாதிரிப் பிள்ளை?"

அவள் கோப்பையிலிருந்து கையை எடுத்தாள். கோபப்படவில்லை. களைத்திருந்தாள்.

"எல்லாத்தையும் அங்க சொல்லி முடிச்சிட்டனப்பா. பள்ளிக்கூடம் போனது, மாவிடிச்சது, சைக்கிளால விழுந்தது, எல்லாம். ஒரு வியாழனுக்கு ஒண்டு எண்டு ஒண்டரை வருசம் சொன்னனான். இண்டைக்கு அவரோட எரிச்சாச்சு. இனித் திருப்பிச் சொல்ல எனக்கு ஏலாது."

சோதிலிங்கம் சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். செத்தும் மனுசன் விடவில்லை, கடைசிப் பருக்கைவரை வழித்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தார். பிறகு, அவருக்குக் கதவைத் திறந்து வைத்தது யார், அவளை அழாதே என்று சொன்னது யார் என்றும் கேட்டுப் பார்த்தார். அதற்கு மறுமொழி அவரிடமே இருந்தது.

தொலைபேசி அடித்தது. அவள் எழும்பவில்லை. அவர்தான் இடக்கையால் எடுத்தார். கனடாவிலிருந்து, தேவமலர் என்று ஒரு வயதான அம்மா. அங்கே அப்போதுதான் விடிந்திருக்கவேண்டும்.

"தம்பி, எல்லாம் முடிஞ்சுதோ? நல்லபடியா நடந்துதோ?"

"ஓம் அம்மா. முடிஞ்சுது. சுண்ணம் இடிச்சுப் பாடித்தான் அனுப்பினனாங்கள்."

"புண்ணியம் கிடைக்கும் தம்பி. அவருக்கு ஒருத்தருமில்லை எண்டு இஞ்ச கதைச்சினம். நீங்கள் அவருக்கு என்ன முறை?"

சோதிலிங்கம் மேசையைப் பார்த்தார். ஜெயமலர் தலை குனிந்து சோற்றுக்குள் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். தம்பியின் கதையை யாருக்குக் கொண்டுபோய்ச் சொன்னாளோ, அந்த ஆள் அவளுக்கு என்ன முறை, அப்படியென்றால் தனக்கு என்ன முறை என்று யோசித்தார்.

"மச்சான் முறை," என்றார்.

அதைச் சொல்ல அவருக்குக் கசந்தது. ஆனாலும் சொல்லிவிட்டார். அந்த அம்மாவுக்கு வணக்கம் சொல்லி வைத்துவிட்டு வந்து கதிரையில் இருந்தார். ஜெயமலர் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவனுக்கு நண்டெண்டா உயிர்," என்றாள் திடீரென்று. "ஆனா கால் உடைக்கப் பயம். செத்த நண்டு, குழம்புக்குள்ள கிடக்கிற நண்டு, அதுவும் கவ்விப்போடும் எண்டு கையைப் பின்னால கட்டிக்கொண்டு நிப்பான். நான்தான் கடிச்சு உடைச்சுச் சதையை எடுத்துக் குடுக்கிறது. நான் ஜெர்மனிக்கு வெளிக்கிட்ட அண்டைக்கு அவனுக்குப் பதினொரு வயசு. படலையில நிண்டு, 'அக்கா, இனி ஆர் எனக்கு நண்டுக்கால் உடைச்சுத் தாறது' எண்டு கேட்டவன்."

சோதிலிங்கம் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"இதை அவருக்குச் சொல்லேல்லை," என்றாள். "சொன்னா, பாத்தியோ, நண்டுக்குப் பயந்த பிள்ளையை எல்லோ அனுப்பினனாங்கள் எண்டு தன்ர கதைக்கு எடுத்துப்போடுவார். அதாலதான் வைச்சிருந்தனான்."

"மெய்யாச் சொல்லேல்லையோ?"

"இல்லை."

"அவர் கேட்டும் சொல்லேல்லையோ?"

"இல்லையப்பா."

சோதிலிங்கம் கதிரையை இழுத்து அவளுக்குக் கிட்டப் போட்டார். சோற்றுக்கையோடு, யாரும் ஒட்டுக்கேட்டுவிடக்கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தி, "திருப்பிச் சொல்லு. படலையில நிண்டு என்னெண்டு கேட்டவன்?" என்றார்.